கடலில்லா ஊருக்கும் புயல் வரும்!

தோழா!

"புயலா? அது கடலோரத்தார் கவலையல்லவா! கம்பைநல்லூருக்கு என்ன வந்தது?" என்று கேட்போர் இன்னமும் உளர். கடலுக்கும் நமக்கும் 150 கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி. இடையிலே ஜவ்வாதும் கல்வராயனும். மலை காவல் நிற்க, மனிதன் கண்ணயரலாம் என்பது அவர்தம் எண்ணம்.

அந்த எண்ணத்தை ஃபெஞ்சல் புயல் அடித்துச் சென்றது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறிற்று. காற்று களைத்தது, கருமுகில் களைக்கவில்லை. மேற்கே நகர்ந்து வந்து நம் பக்கத்திலே கொட்டித் தீர்த்தது. டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர். அரூரில் 30 சென்டிமீட்டருக்கு மேல்! ஊத்தங்கரையிலே சாலையோரம் நின்ற வண்டிகளை வெள்ளம் உருட்டிச் சென்றது. தென்பெண்ணை பொங்கிச் சாத்தனூர் அணை நிரம்ப, வினாடிக்கு 1,68,000 கன அடி வரை திறந்துவிடப்பட்டது. கீழேயிருந்த ஊர்கள் நீரில் மிதந்தன. திருவண்ணாமலையில் சரிந்த மண், எழுவரை விழுங்கிற்று.

விதி என்பர் சிலர். வானிலை அறிவிப்பு வந்த பின்னும் வாளாவிருந்துவிட்டு விதியின்மேல் பழிபோடுவது விவேகமாகாது, தோழா!

வீட்டிலே செய்யவேண்டியவை கடினமல்ல. குடும்ப அட்டை, ஆதார், நிலப்பத்திரம், வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் சான்றிதழ் இவற்றை நீர்புகாப் பையிலே கட்டி உயரத்தில் வை. மூன்று நாளுக்குக் குடிநீர், அரிசி, மருந்து, மின்கை விளக்கு சேர்த்து வை. கூரையை இறுக்கிக் கட்டு. நீர் ஏறினால் மின் இணைப்பை நிறுத்து. ஆடுமாடுகளைத் தாழ்வான கொட்டகையிலே கட்டி வைக்காதே, மேட்டுக்கு ஓட்டு. மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077; சுவரிலே எழுதி வை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். மூன்று நாள் அரிசியை முன்கூட்டி வாங்கிவை என்கிறோமே, அன்றாடக் கூலியில் அன்றாடம் உலை வைப்பவள் எதைக்கொண்டு வாங்குவாள்? பத்திரத்தைப் பரண்மேல் வை என்கிறோமே, பரணே இல்லாத குடிசையிலே எங்கே வைப்பாள்? மாடி வீட்டுக்கு மழை ஒரு காட்சி. மண்சுவர் வீட்டுக்கு அதே மழை ஒரு தீர்ப்பு! மேகம் பேதம் பார்ப்பதில்லை. நாம் கட்டிவைத்த சமுதாயம்தான் பார்க்கிறது.

ஆகவேதான் இந்த வேலை, தனி வீட்டின் வேலையாக நின்றுவிடலாகாது. கிளைத் தோழர்கள் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே கூடுங்கள். ஏரிக்கரையோரம், ஓடையோரம், ஆற்றோரம் எத்தனை வீடுகள்? எவ்வீட்டிலே நடக்கவியலா முதியவர்? எவ்வீட்டிலே நிறைமாதக் கர்ப்பிணி? கணக்கெடுங்கள். நள்ளிரவிலே பள்ளிக்கூடத்தைத் திறக்கச் சாவி யாரிடம் இருக்கிறது என்று இன்றே கேட்டு வையுங்கள். வாய்க்கால் தூர்ந்திருந்தால், ஏரிக்கரை அரித்திருந்தால், மனுவோடு அலுவலகத்துக்குச் செல்லுங்கள். ஆளுங்கட்சி எதுவாயினும், அசையும்வரை அகலாதீர்!

வெள்ளம் வடிந்தபின் வேட்டி சேலை வழங்குவது இரக்கம். வெள்ளம் வருமுன் ஓர் உயிரை மேட்டிலே சேர்ப்பது இயக்கம். நாம் இயக்கத்தார், தோழா!