எல்லைக்கோடு தெரிகிறது

விண்வெளி பற்றித் தமிழில் யார் பேனாவை எடுத்தாலும் மூன்றாவது வரிக்குள் ஒரு வாக்கியம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அங்கிருந்து பார்த்தால் நாடுகளின் எல்லைகள் தெரிவதில்லை, மானுடம் ஒன்றே என்கிற வாக்கியம். மேடைப் பேச்சாளர்களை விட்டுவிடலாம். கைதட்டல் அவர்கள் பிழைப்பு. ஒவ்வொரு சொல்லையும் எடை போட்டு வைப்பதாகச் சொல்லிக்கொள்ளும் புதுக்கவிதைக்காரர்கள் இதை மட்டும் எடை பார்க்காமல் வாங்கிப் போட்டுக்கொள்வது ஏன்?

1985 ஜூனில் 'டிஸ்கவரி' விண்ணோடத்தில் சென்ற ஏழு பேரில் ஒருவர் சவூதி இளவரசர் சுல்தான் பின் சல்மான். முதலில் அவரவர் தேசத்தைச் சுட்டிக்காட்டினோம், பிறகு கண்டங்களை, ஐந்தாம் நாளுக்குள் பூமி ஒன்றுதான் கண்ணில் பட்டது என்கிற பொருளில் அவர் சொன்னது உலகம் பூராவும் மேற்கோளாகிவிட்டது. அதே பயணத்தில் நடந்த இன்னொரு காரியத்தை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. ரீகனின் 'நட்சத்திரப் போர்' திட்டத்துக்காக ஹவாயில் ஒரு மலைமேலிருந்து லேசர் கதிரை அனுப்பி, ஓடத்தின் ஜன்னலில் பொருத்திய பிரதிபலிப்பானில் பட வைக்கும் சோதனை அது. முதல் தடவை தோற்றது. மலையின் உயரத்தை, சுமார் 10 ஆயிரம் அடியை, கணிப்பொறி கடல் மைல்களாக எடுத்துக்கொண்டதால் ஜன்னல் பூமிக்குப் புறமுதுகு காட்டி நின்றது. இரண்டு நாள் கழித்துச் சரிசெய்து வெற்றி பெற்றார்கள். ஐந்தாம் நாள் ஒரே பூமியைக் கண்ட அதே ஓடத்தில் ஏவுகணை வேட்டைக்கு ஒத்திகை. இளவரசர் பொய் சொல்லவில்லை. கண்ணுக்குப் பட்டதைச் சொன்னார். கண்ணுக்குப் பட்டதை மட்டும் சொல்வது எழுத்தாளனுக்குப் போதுமா என்பது வேறு விஷயம்.

சரி, கண்ணுக்காவது தெரியவில்லையா? 2011 ஆகஸ்டில் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து எடுத்த இரவுப் படம் ஒன்றை நாஸா வெளியிட்டது. இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் நடுவில் ஓர் ஆரஞ்சு நிறக் கோடு பாம்பு மாதிரி வளைந்து போகிறது. காவல் விளக்குகளின் வெளிச்சம். நம் கவிஞர்கள் தெரியவில்லை என்று சத்தியம் செய்கிற எல்லை, அதுவும் நம்முடைய எல்லை, அங்கிருந்து தெரிகிறது.

எல்லைகளை மறந்தவர்களால் விண்வெளியில் ஒத்துழைப்பு வந்துவிடவில்லை. எல்லை எங்கே இருக்கிறது, அதன் இரண்டு பக்கமும் என்ன இருக்கிறது என்று அங்குலம் அங்குலமாக அளந்தவர்களால் வந்தது. 1975 ஜூலை 17இல் அப்போலோவும் சோயுஸும் இணைந்ததைப் பற்றி எழுதுகிறவர்கள் ஸ்டாஃபோர்டும் லியோனோவும் கைகுலுக்கியதை எழுதுவார்கள். கைகுலுக்க ஒரு நிமிஷம் போதும். 1972 மே மாதம் நிக்ஸனும் கோசிகினும் கையெழுத்திட்ட பிறகு மூன்று வருஷம் நடந்தது என்ன? அமெரிக்கக் கலத்தில் தரையழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு அழுத்தத்தில் ஆக்ஸிஜன். சோவியத் கலத்தில் தரையில் நாம் சுவாசிக்கிற அதே காற்று, அதே அழுத்தம். நேரே கதவைத் திறந்துகொண்டு ஓடிப்போய்த் தழுவியிருந்தால் ரத்தத்தில் நைட்ரஜன் குமிழி கட்டியிருக்கும். எனவே அமெரிக்கர்கள் நடுவில் வைக்க ஓர் அறை கட்டினார்கள். சோவியத்காரர்கள் தங்கள் அழுத்தத்தை மூன்றில் இரண்டு பங்காகக் குறைத்துக்கொண்டார்கள். அந்த இடைவழி அறையில் கதவை மூடிக்கொண்டு, அழுத்தம் மாறும்வரை காத்திருந்துதான் அந்தப் பக்கம் போகமுடிந்தது.

அதுவரை இணைப்புக் கருவிகளில் ஒரு பக்கம் நுழைவது, மறுபக்கம் ஏற்பது. இரண்டு வல்லரசுகளில் யார் எது? ஸிரோமியாட்னிகோவும் அமெரிக்கப் பொறியாளர்களும் சேர்ந்து இரண்டு பக்கமும் ஒரே மாதிரியான வளையத்தைச் செய்தார்கள்; எது வேண்டுமானாலும் முனைந்து பற்றலாம், எது வேண்டுமானாலும் சும்மா இருக்கலாம். பாஷையிலும் இதே ஏற்பாடு. அமெரிக்கர்கள் ருஷ்யனில் பேசினார்கள், ருஷ்யர்கள் ஆங்கிலத்தில். தன் பாஷையில் பேசுகிறவன் எதிராளிக்குப் புரிகிறதா என்று பார்க்காமல் ஓடிவிடுவான். கேட்கிறவன் பாஷையில் பேசுகிறவன் தட்டுத்தடுமாறி, நிதானமாகப் பேசுவான். ஓக்லஹோமாக்காரரான ஸ்டாஃபோர்டின் ருஷ்யனை 'ஓக்லஹோம்ஸ்கி' என்று லியோனோவ் கேலி செய்தார். மொழிபெயர்ப்பு பற்றி நம் பத்திரிகைகளில் நடந்த விவாதங்களில் இவ்வளவு தெளிவு இருந்ததில்லை.

அதற்குப் பிறகு இரு நாட்டுக் கலங்களும் மறுபடி இணைய இருபது வருஷம் ஆயிற்று. 1995 ஜூனில் அட்லாண்டிஸ் மீர் நிலையத்தோடு சேர்ந்தபோது உபயோகப்பட்டது அந்த வளையத்தின் வாரிசு. உணர்ச்சி வற்றிப்போன காலத்தைத் தாண்டி வந்தது ஓர் இரும்பு வளையம்.

2022 பிப்ரவரியில் ருஷ்யா உக்ரைன்மேல் படையெடுத்தது. நிலையம் விழுந்தால் யார் காப்பாற்றுவது என்று ருஷ்ய விண்வெளித் துறைத் தலைவர் ரோகோசின் பகிரங்கமாக மிரட்டினார். மார்ச் 30இல் அமெரிக்கர் மார்க் வாண்டே ஹை, 355 நாள் இருந்துவிட்டு, ருஷ்யக் கலத்தில் இரண்டு ருஷ்யர்களோடு கஜகஸ்தானில் வந்து இறங்கினார். ஜூலையில் ருஷ்ய வீரர்கள் நிலையத்துக்குள் லுஹான்ஸ்க், டொனெட்ஸ்க் கொடிகளைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள், நாஸா கண்டித்தது. அதே ஜூலையில் ஒருவர் கலத்தில் மற்றவர் ஆளை ஏற்றிச் செல்லும் ஒப்பந்தமும் கையெழுத்தாயிற்று. காரணம் மானுட நேயம் இல்லை. மின்சாரத்தில் பெரும்பகுதி அமெரிக்கப் பகுதியிலிருந்து வந்தது. நிலையத்தைத் தள்ளி உயரத்தில் நிறுத்துவது பெரும்பாலும் ருஷ்யப் பகுதியின் வேலை. வங்கியில் வேலை பார்க்கிறவனுக்கு இது புரியும். பெட்டகத்துக்கு இரண்டு சாவி, இரண்டு ஆள். அவர்கள் பேசிக்கொள்ளாதவர்களாகக்கூட இருக்கலாம். காலையில் பெட்டகம் திறந்தாக வேண்டும்.

இந்த 'மானுடத்து'க்கு வாசலில் பட்டியல் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2011இல் அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் போட்டு, தனி அனுமதியின்றி நாஸா சீனாவோடு நேரடியாக ஒத்துழைக்கப் பணம் செலவிடுவதைத் தடுத்தது. 2021இல் சீனர்கள் தங்கள் நிலையத்தைத் தாங்களே கட்டத் தொடங்கினார்கள். மானுடம் ஒன்று, நிலையம் இரண்டு.

எல்லாம் வல்லரசுகளின் நாடகம் என்று ஒரே வரியில் கணக்கு முடிக்கிற முற்போக்குத் தோழர்கள் இதைப் படித்துச் சந்தோஷப்பட வேண்டாம். அவர்களும் அந்த இடைவழி அறையைப் பார்த்ததில்லை. நாடகத்துக்கு அறை தேவையில்லை, திரை போதும்.

என் சண்டை ஒரு சொல்லோடு. 'மானுடம்' என்று எழுதியவுடன் கவிஞனுக்கு வேலை முடிந்துவிடுகிறது. யாரும் யாருக்காகவும் அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டாம், அந்நிய பாஷையில் திக்க வேண்டாம், காத்திருக்க வேண்டாம். இந்தச் சோம்பலைத்தான் நாம் தரிசனம் என்று அச்சடித்துக்கொண்டிருக்கிறோம். அந்த ஆரஞ்சுக் கோட்டில் ஒரே ஒரு விளக்கை அணைக்க எத்தனை பேர் எத்தனை நாள் எதிரெதிரே உட்கார வேண்டியிருக்கும் என்று யாராவது எழுதட்டும். கோடே தெரியவில்லை என்கிறவரால் அதை எழுத முடியாது.