பைக் இன்ஜின் கவரை வீட்டிலேயே மாத்துறீங்களா? எது அழகு, எதுக்கு அபராதம்?

ஞாயிற்றுக்கிழமை காலையில மாங்காடு, பூந்தமல்லி, ஆவடி பக்கம் ஒரு தெருவுக்குள்ள போய்ப் பாருங்க. வீட்டு வாசல்ல ஒரு ஸ்கூட்டர் சென்டர் ஸ்டாண்டுல நிக்கும். பக்கத்துல ஸ்பேனர் செட், எமரி பேப்பர், ஸ்ப்ரே பெயிண்ட் டப்பா. செல்போன்ல ஒரு ரீல்ஸ் ஓடிட்டு இருக்கும். இன்ஜின் பக்கத்து கவரைக் கழற்றி கலர் அடிக்கிறது, ஓட்டை போட்டு கண்ணாடி மாதிரி அக்ரிலிக் ஒட்டுறது, கவரே இல்லாம ஓட்டுறதுன்னு இப்போ இது பரவலா நடக்குது.

அம்பத்தூர் எஸ்டேட், பாடி, ஒரகடம்னு வண்டி உதிரிபாகம் செய்ற வேலையிலேயே பல குடும்பங்கள் இருக்கிற பகுதி இது. வீட்டுக்கு ஒருத்தருக்காவது ஸ்பேனர் பிடிக்கத் தெரியும். அதனால ஆசை வர்றதுல ஆச்சரியம் இல்ல. ஆனா இதுல எது வெறும் அலங்காரம், எது விரலுக்கும் பர்ஸுக்கும் ஆபத்து?

பைக்குல பெல்ட் எங்கே இருக்கு?

நம்ம ஊர் கியர் பைக்குகள்ல பின் சக்கரத்தைச் சுத்துறது பெரும்பாலும் செயின்தான். பெல்ட் இருக்கிறது கியர் இல்லாத ஸ்கூட்டர்ல. இடது பக்கம், பின் சக்கரத்தை ஒட்டி நீளமா ஒரு அலுமினிய மூடி இருக்கும். அதுதான் பெல்ட் கவர். ஓசூர்ல தயாராகிற ஏத்தர் 450 மாதிரி சில மின்சார ஸ்கூட்டர்கள்லயும் பெல்ட் உண்டு.

அந்த மூடிக்குள்ள முன்னாடி ஒரு புல்லி, பின்னாடி ஒரு புல்லி, நடுவுல ரப்பர் பெல்ட். வேகம் கூடும்போது முன் புல்லிக்குள்ள இருக்கிற உருளைகள் வெளிப்பக்கம் தள்ளப்பட்டு, பெல்ட் மேலே ஏறும். கியர் மாத்துற வேலையை அதுவே செஞ்சிடும். இது எல்லாமே எண்ணெய் இல்லாம, உலர்ந்த நிலையில ஓடணும். பல மாடல்கள்ல முன் புல்லியில விசிறி மாதிரி இறக்கைகள் இருக்கும். அதுதான் காற்றை உள்ளே இழுத்து பெல்ட்டைக் குளிர வைக்குது. அந்தக் காற்று எந்த வழியா வரணும், எந்த வழியா போகணும்னு தீர்மானிக்கிறது மூடியோட வடிவம். பல ஸ்கூட்டர்கள்ல கிக்கர் தண்டே இந்த மூடியிலதான் மாட்டியிருக்கும்.

ஓட்டை போட்டா இந்தக் காற்றோட்டம் கெடும். அதைவிடப் பெரிய பிரச்சனை தண்ணீர். 2022 நவம்பர் மழையில மாங்காட்டுல எத்தனை தெருக்கள் தண்ணீர்ல நின்னுச்சுன்னு அந்தப் பகுதிக்காரங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பெல்ட் நனைஞ்சா புல்லியில வழுக்கும். ஆக்சிலேட்டரைத் திருகினா இன்ஜின் கத்தும், வண்டி நகராது. பின்னாடி லாரி வர்ற குன்றத்தூர் ரோட்டுல இது நடந்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. தண்ணீரோட சேர்ந்து போற மணலும் தூசியும் பெல்ட்டை அரிச்சுத் தின்னும்.

ரீல்ஸ்ல காட்டாத விஷயம்

கவரைக் கழற்றிட்டு இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி, பெல்ட் சுத்துறதை வீடியோ எடுக்கிறாங்க. பார்க்க நல்லாதான் இருக்கு. ஆனா ஆக்சிலேட்டரைத் தொடாம சும்மா நிக்கும்போதே ஸ்கூட்டர் இன்ஜின் நிமிஷத்துக்குச் சுமார் 1,700 சுற்று சுத்தும். அதாவது அந்த முன் புல்லி நொடிக்கு 28 தடவை. விரல், துப்பட்டா, கையில கட்டின கயிறு எது மாட்டினாலும் இழுத்துக்கிற நேரம் கண் இமைக்கிறதைவிடக் குறைவு. வாசல்ல குழந்தைங்க நிக்கிற வீட்டுல இதைச் செய்யவே கூடாது.

இதே கணக்குதான் கியர் பைக்கோட செயின் கவருக்கும் சேலை கார்டுக்கும். ஸ்டைலா இல்லைன்னு முதல்ல கழற்றி வீசுறது இந்த ரெண்டையும்தான். பின்னால உட்காருறவங்க துணி சக்கரத்துல மாட்டாம இருக்க, பின் சக்கரத்துல பாதிக்குக் குறையாம மறைக்கிற தடுப்பு இருக்கணும்னு 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 123-வது விதி சொல்லுது. காமாட்சி அம்மன் கோயிலுக்கு ஆறு வாரம் எலுமிச்சம்பழத்தோட போறவங்கள்ல எத்தனை பேர் சேலை கட்டிக்கிட்டு பைக்குல ஒருபக்கமா உட்கார்ந்து வர்றாங்க! அவங்களுக்காகத்தான் அந்தக் கம்பி.

சட்டம் என்ன சொல்லுது?

மோட்டார் வாகனச் சட்டத்தோட 52-வது பிரிவுதான் அடிப்படை. தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து ஆர்சியில இருக்கிற விவரம் மாறுபடுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில கேரளாவிலிருந்து வந்த ஒரு வழக்குல உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செஞ்சது. அதே ஆண்டு சட்டத் திருத்தத்துல 182ஏ பிரிவு சேர்ந்தது. அனுமதியில்லாத மாற்றம் செஞ்ச உரிமையாளருக்கு ஆறு மாசம் வரை சிறை, இல்லைன்னா ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ரெண்டும். 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்'ங்கிற வார்த்தையைக் கவனிங்க. ரெண்டு மாற்றம்னா 10,000.

சத்தம் கூட்டுற சைலன்சருக்கு 190(2) பிரிவு தனியா இருக்கு: மூணு மாசம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், கூடவே மூணு மாசம் லைசென்சும் போகும். சில நகரங்கள்ல பிடிபட்ட சைலன்சர்களை வரிசையா அடுக்கி போலீஸ் ரோடு ரோலர் ஏத்தின வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீங்க.

அப்போ பெல்ட் கவருக்கு பெயிண்ட் அடிச்சா அபராதமா? ஆர்சியில வண்டியோட கலருக்கு இடம் உண்டு, பெல்ட் கவருக்குக் கிடையாது. முழு வண்டியையும் வேற கலருக்கு மாத்தினா ஆர்டிஓ ஆபீஸ்ல சொல்லிப் பதிவு செய்யணும். ஒரு மூடிக்கு மட்டும் கருப்போ சிவப்போ அடிக்கிறதுக்கு வழக்குப் போட முகாந்திரம் இல்லைங்கிறதுதான் எங்க வாசிப்பு. வெட்டுறதும் கழற்றிப் போட்டு ஓட்டுறதும் வேற கதை. விபத்து நடந்தா இன்சூரன்ஸ் சர்வேயர் முதல்ல கேட்கிறது இந்த மாதிரி மாற்றங்களைத்தான். வாரண்டி காலத்துல இருக்கிற வண்டின்னா சர்வீஸ் சென்டரும் கையை விரிக்கும்.

சரி, பெயிண்ட் மட்டும் அடிக்கணும்னா?

இன்ஜின் முழுசா ஆறின பிறகு ஆரம்பிங்க. போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளம் இருக்காது. இதுலதான் வீட்டு மெக்கானிக்குகள் அதிகமா கோட்டை விடுறாங்க. ஒரு அட்டையில கவரோட வடிவத்தை வரைஞ்சு, எந்த இடத்து போல்ட்டோ அந்த இடத்துலயே குத்தி வைங்க. நீள போல்ட்டை குட்டி ஓட்டையில முறுக்கினா அலுமினியம் விரிசல் விடும். மரை போனா பிறகு லேத்துக்குத்தான் போகணும்.

உள்ளே கருப்பா இருக்கிறது பெல்ட் தேய்ஞ்ச தூள். வாயால ஊதாதீங்க, முகத்துல துணி கட்டிக்கிட்டு உலர்ந்த துணியால துடைங்க. பெல்ட்டுல எண்ணெயோ கிரீஸோ ஒரு சொட்டுகூடப் படக் கூடாது. பெயிண்ட் அடிக்கிறது வெளிப்பக்கம் மட்டும். பேக்கிங் உட்காருற ஓரத்தை டேப் ஒட்டி மறைங்க. சாதாரண பெயிண்ட் சூட்டுல உரியும், இன்ஜினுக்குன்னே வர்ற வெப்பம் தாங்கும் ஸ்ப்ரே வாங்குங்க. பெட்ரோல் ஊத்திக் கழுவுற பழக்கம் நிறைய பேருக்கு இருக்கு. மூடின வராண்டாவுல, பக்கத்துல சமையலறை இருந்தா அது வேண்டவே வேண்டாம்.

3டி பிரிண்ட் செஞ்ச கவர் வாங்கி மாட்டுறவங்களும் இருக்காங்க. மலிவான பிரிண்டுகள்ல பயன்படுற பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியஸ் வாக்குல இளக ஆரம்பிச்சிடும். சித்திரை வெயில்ல நிறுத்தின வண்டியோட இன்ஜின் பக்கம் அதைத் தாண்டுறது பெரிய விஷயமே இல்ல. இளகி வளைஞ்ச மூடி உள்ளே சுத்துற புல்லியில உரசும்.

திரும்ப மாட்டினதும் சென்டர் ஸ்டாண்டுல போட்டு, பின் சக்கரத்துக்கிட்ட யாரும் இல்லாம ஸ்டார்ட் பண்ணிக் கேளுங்க. உரசுற சத்தம் வந்தா உடனே ஆஃப் பண்ணிட்டு, போல்ட் போட்ட அட்டையை மறுபடி எடுத்துப் பாருங்க.