தாயம் விழுந்தால் போதுமா, ஆட ஆள் வேண்டாமா?

தாயக்கட்டை வாங்குவது பெரிய காரியமில்லை. மயிலாப்பூரில் கபாலி கோயிலைச் சுற்றியுள்ள மாட வீதிகளில் பித்தளைச் சாமான் விற்கும் கடைகளில் விசாரித்தால் ஜோடியாகக் கிடைக்கும். கட்டத்தை ஒரு சாக்பீஸால் தரையிலேயே கீறிக் கொள்ளலாம். எந்தக் கடையிலும் கிடைக்காத சாமான் ஒன்றே ஒன்றுதான். கூட உட்கார்ந்து ஆட மூன்று பேர்!

பல்லாங்குழிக்கு இரண்டு பேர் போதும். ஆடுபுலியும் அப்படித்தான், ஒருத்தி மூன்று புலியை எடுத்துக் கொண்டால் இன்னொருத்தி பதினைந்து ஆட்டை எடுத்துக் கொள்வாள். தாயத்தை மட்டும் இரண்டு பேர் ஆடினால் சப்பென்று இருக்கும். நாலு பக்கமும் நாலு பேர் உட்கார்ந்து, "வெட்டு, வெட்டு" என்று கூச்சல் போட்டால்தான் ருசி. முன்பெல்லாம் ஆளைத் தேட வேண்டியதே இல்லை. வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண் விழிப்பதற்கென்றே பரமபதப் படமும் தாயக்கட்டையும் பரணிலிருந்து இறங்கும். (சினிமாக் கொட்டகைகளிலும் அன்று விடிய விடியப் படம் ஓட்டுவார்கள். அங்கே போய்த் தூங்கிய புண்ணியவான்களும் உண்டு!) இப்போது எங்கள் கட்டிடத்தில் பன்னிரண்டு வீடுகள். பன்னிரண்டு கதவும் சாத்தியே இருக்கின்றன.

இந்தக் குறை நமக்கு மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். அடையாறிலிருக்கும் என் நாத்தனார் பிள்ளை காலேஜில் படிக்கிறான். அவன் ஆடுவது வேறு மாதிரி ஆட்டம். ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் அந்தக் கதையில் வீரன், மந்திரவாதி, திருடன் என்று ஆளுக்கொரு வேஷம் ஏற்று, மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசியே ஆட வேண்டுமாம். நினைத்த காரியம் பலித்ததா இல்லையா என்பதற்கு மட்டும் தாயம் உருட்டுவார்களாம். அதில் இருபது முகத் தாயமும் உண்டு! 1974-ல் அமெரிக்காவில் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'தான் இந்த வகைக்கெல்லாம் முன்னோடி.

"அதுக்காவது ஆள் கிடைச்சுடும் மாமி. நான் ஆட ஆசைப்படறது 'டிராவலர்'னு ஒண்ணு. 1977-ல வந்தது. ஆகாயக் கப்பல்ல கிரகம் கிரகமாப் போற கதை. பேரைச் சொன்னா ஒருத்தருக்கும் தெரியலை. விதிப் புஸ்தகத்தைப் பார்த்தவுடனே ஓடிடறாங்க" என்று அலுத்துக் கொண்டான்.

அவனுக்குப் புஸ்தகம் பெரிது என்பது கஷ்டம். நமக்குப் புஸ்தகமே இல்லை என்பது கஷ்டம். தாயத்தில் வீட்டுக்கு வீடு சட்டம் வேறு. ஒன்று விழுந்தால்தான் காய் இறங்கலாம் என்பாள் ஒருத்தி. ஐந்துக்கும் இறக்கலாம் என்பாள் இன்னொருத்தி. ஒரு காயையாவது வெட்டாமல் உள் கட்டத்துக்குள் நுழையக் கூடாது என்பது ஒரு வீட்டு வழக்கம்; வெட்டே வேண்டாம் என்பது வேறொரு வீட்டு வழக்கம். பிறந்த வீட்டுச் சட்டமும் புகுந்த வீட்டுச் சட்டமும் மோதிக் கொண்டால் கேட்க வேண்டுமா! ஆட வந்தவர்கள் மறு வாரம் வருவதில்லை.

புதிதாக வருகிறவர்கள் நழுவுவதற்கு இன்னொரு காரணம், தாயம் விழக் காத்திருக்கும் சலிப்பு. கணக்குப் போட்டுப் பாருங்கள். கட்டை ஒவ்வொன்றிலும் நாலு முகம்: ஒன்று, இரண்டு, மூன்று, வெறுமை. இரண்டையும் சேர்த்து உருட்டினால் பதினாறு விதமாக விழலாம். அதில் தாயம் இரண்டே விதம்தான். அதாவது எட்டுக்கு ஒரு தடவை. எட்டுத் தடவை உருட்டியும் தாயமே காணாதவர்கள் மூன்றில் ஒருவர் இருப்பார்கள். அவர்கள் வேடிக்கை பார்த்துக் கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். ஐந்துக்கும் இறக்கலாம் என்று வைத்தால் வாய்ப்பு இரண்டு மடங்காகி, நாலுக்கு ஒரு தடவையாகிறது. எங்கள் வீட்டு வழக்கம் இல்லைதான். ஆனாலும் அதையே வைத்துக் கொண்டேன். ஆளுக்கு ஆறு காய் என்பதையும் மூன்றாகக் குறைத்தேன். ஒரு மணி நேரத்தில் ஆட்டம் முடிந்துவிட வேண்டும். அடுப்பில் வேலை இருக்கிறவர்களை இரண்டரை மணி நேரம் பிடித்து வைக்க முடியுமா?

சரி, ஆள் பிடித்த கதைக்கு வருகிறேன். நவராத்திரியில் கொலுவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் கட்டம் போட்ட துணியையும் கட்டைகளையும் வைத்தேன். யாரையும் கூப்பிடவில்லை. சுண்டல் வாங்க வந்தவர்களில் யார் கை தானாகக் கட்டையை எடுத்து உள்ளங்கைகளுக்கு நடுவில் உருட்டுகிறது என்று மட்டும் கவனித்தேன். தெரிந்தவர்கள் கை சும்மா இருக்காது! முதலில் மாட்டியது மேல் வீட்டுப் பாட்டி. வயது எழுபத்தாறு. தாத்தா போன பிறகு கோயிலுக்குக் கூட இறங்காமல் இருந்தவர். கட்டையைத் தேய்த்து உருட்டினார், பன்னிரண்டு. "இன்னும் மறக்கலைடி" என்றார்.

அடுத்தது கீழ் வீட்டுப் பெண். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள். "எனக்கு லூடோதான் தெரியும் அக்கா" என்றாள். லூடோ தெரிந்தால் பாதித் தாயம் தெரிந்த மாதிரிதான். நம் நாட்டுப் பச்சீசியைப் பார்த்து 1896-ல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கிய ஆட்டம்தானே அது! காயை இறக்குவது, வெட்டுவது, சுற்றி வந்து பழமாக்குவது எல்லாம் ஒன்றே. முதல் இரண்டு வாரம் அவளைப் பாட்டியோடு ஜோடி சேர்த்து விட்டேன். சட்டம் எதையும் சொல்லித் தரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தே பிடித்துக் கொண்டாள்.

நாலாவது ஆள்தான் நான் எதிர்பார்க்காதது. தினம் வாசலில் பூ கொடுக்கும் அம்மா, கொலுவன்று உள்ளே எட்டிப் பார்த்து, "இது எங்க ஊர்ல சோழி போட்டு ஆடுவோம்மா" என்றார். எங்கள் நாலு பேரில் அவரைப் போல ஆடத் தெரிந்தவர் இல்லை. எந்தக் காயை நகர்த்தினால் யார் வெட்டுக்கு மாட்டுவோம் என்பதை உருட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுவார். கட்டிடத்தில் ஒரு அம்மாளுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. "அவளோட சரிசமமா உக்காந்தா ஆடறீங்க?" என்று என்னிடம் கேட்டார். நான் பதில் யோசிப்பதற்குள் பாட்டி, "ஆமா. அவதானே ஜெயிக்கிறா!" என்று சொல்லிவிட்டார். அந்த அம்மாள் இன்று வரை ஆட வரவில்லை. வராமலே போகட்டும்.

கிழமையும் பூக்கார அம்மாவின் சௌகரியத்தைப் பார்த்துத்தான் வைத்தோம். வெள்ளிக்கிழமை அவருக்கு வியாபாரம், நகர முடியாது. புதன் பிற்பகல் இரண்டு மணி என்றால் காலைப் பூ விற்றாகி, மாலைச் சரம் கட்ட நேரமிருக்கும். ஆள் வந்தாலும் வராவிட்டாலும் புதன் இரண்டு மணிக்குத் துணி விரித்திருக்கும். "எப்போ சௌகரியமோ வாங்க" என்றால் ஒருவரும் வர மாட்டார்கள்.

மூட்டு வலி இருப்பவர்கள் தரையில்தான் ஆட வேண்டுமென்று பிடிவாதம் வேண்டாம். நாங்கள் சாப்பாட்டு மேஜையில் கெட்டித் துணி விரித்து ஆடுகிறோம். கட்டையும் எகிறி விழாது. காசு வைத்து ஆடுவதில்லை. ஒப்புக்கொண்ட சட்டங்கள் நாலையும் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். அச்சடித்த சட்டம்தான் வேண்டுமென்பவர்கள், 2002-ல் சென்னையில் வினிதா சித்தார்த்தா தொடங்கிய 'கிரீடா'வின் ஆட்டப் பெட்டிகளைப் பார்க்கலாம். மயிலாப்பூர் திருவிழாவில் தாயம், பல்லாங்குழிப் போட்டிகளும் நடந்திருக்கின்றன. போட்டியில் ஜெயிக்காவிட்டாலும் பரவாயில்லை, பக்கத்தில் நிற்பவரிடம் எந்தத் தெரு என்று விசாரித்து வையுங்கள்.

நாத்தனார் பிள்ளையிடமும் இதையேதான் சொன்னேன். "புஸ்தகத்தைக் காட்டாதே, தாயத்தைக் காட்டு. ஒரு மணி நேரத்தில் முடிகிற சின்னக் கதையாகச் சொல்லு. கிழமையை மாற்றாதே." இரண்டு பேர் கிடைத்திருக்கிறார்களாம்.

இப்போது பாட்டி பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார். மூன்று மாதமாகும். போன புதன்கிழமை கீழ் வீட்டுப் பெண் போனில் முகம் தெரிகிற மாதிரி அவரைக் கூப்பிட்டு மேஜைமேல் சாய்த்து வைத்தாள். பாட்டிக்குப் பதில் நான் உருட்டினேன். தாயமே விழவில்லை. "நீ சரியாத் தேய்க்கலை" என்று அங்கிருந்து ஒரே சண்டை! மந்தைவெளிப் பக்கம் இருக்கும் ஸ்நேகிதிகள் யாருக்காவது தாயம் தெரிந்தால் பத்திரிகைக்கு ஒரு கார்டு போடுங்கள். ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது.