அம்மாவுக்கு எந்த இங்கிலீஷ்?

நம்ம விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர் போன ஊர். எங்கம்மா ஒரு பீங்கான் கம்பெனியில் பேக்கிங் வேலை செய்றாங்க. போன மாசம் அட்டைப்பெட்டியில் 'திஸ் சைடு அப்' என்று இருந்ததைப் படிக்கத் தெரியாமல் தலைகீழாக அடுக்கிட்டாங்க. உடைந்த சாமானுக்குக் கூலியில் பிடித்துக்கொண்டார்கள்.

வீட்டில் ஒரு இங்கிலீஷ் புத்தகம் இருக்கு. அதில் ஹோட்டலில் காபி கேட்பது எப்படின்னு இருக்கு. பெட்டியும் இல்லை, சூளையும் இல்லை.

படிப்பவருக்கு ஆங்கிலம் எதற்குத் தேவை என்று கேட்டுத்தான் பாடம் தயாரிக்கணும் என்று 1987-லேயே ஹட்சின்சன், வாட்டர்ஸ் என்ற இருவர் எழுதினார்களாம். டீச்சர் சொன்னாங்க.

யாரைக் கேட்பது? முதலாளியைக் கேட்டால், பெட்டி எழுத்து போதும் என்பார். நான் அம்மாவையே கேட்டேன். "பெட்டியில இருக்கறதப் படிக்கணும். அப்புறம் என் பேர இங்கிலீஷ்ல எழுதணும்டி" என்றாங்க.

பாடம் எழுதுகிறவர்களே, முதலில் படிக்கப் போகிறவரைக் கேளுங்கள்!

— ஒன்பதாம் வகுப்பு மாணவி