நாய்க்குச் சோறா, பாக்கெட் தீனியா?

விருத்தாசலம் என்றால் பீங்கான். நாய்ச் சோற்றுக்கும் பீங்கான் கிண்ணம் நல்லதுதான். கனமாக இருக்கும், நாய் முட்டினாலும் கவிழாது. அதில் என்ன விழுகிறது என்பதில்தான் சிக்கல்!

சோற்றையும் பாக்கெட் தீனியையும் கலந்தால் வயிறு கெடும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. நாயின் வயிறு அவ்வளவு நோஞ்சான் இல்லை. கூழும் கஞ்சியும் குடித்து வளர்ந்தவைதானே நம்ம ஊர் வேட்டை நாய்கள். பழக்கமில்லாத நாய்க்கு ஒரு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் போதும்.

ஆனால் மிஞ்சின சாம்பார் சாதம் மட்டும் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. உப்பு, மசாலா இல்லாமல் சோறு, எலும்பு எடுத்த கோழி, கொஞ்சம் கேரட்... இவ்வளவுதான்.

இன்னொரு தப்பு, தீனியை முழு அளவு கொட்டிவிட்டு, பாசத்துக்காக மேலே ரெண்டு கரண்டி சோறு. நாய் குண்டாகாமல் என்ன செய்யும்? சோறு ஏறினால் தீனி இறங்க வேண்டும். அன்றாடக் கலோரியில் வீட்டுச் சாப்பாடு 10 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. அதைத் தாண்டினால் கால்சியம், பாஸ்பரஸ் கணக்கு குலையலாம். வளரும் குட்டியின் எலும்புக்கு அது விளையாட்டில்லை, கால்நடை மருத்துவரைக் கேட்டே ஆகவேண்டும்.

ஈரச்சோறு கலந்த தீனி நம்ம ஊர் வெயிலில் சீக்கிரம் கெட்டுவிடும். மீதியைக் கொட்டிக் கிண்ணத்தைக் கழுவிவிட வேண்டும். கிண்ணம் விரிசல் விட்டிருந்தால் மாற்றிவிடலாம், விருத்தாசலத்தில் பீங்கானுக்கா பஞ்சம்!