முதல்ல மாசத்தைப் பாருங்க, அப்புறம் இடத்தை

கடைசி எக்ஸாம் முடியறதுக்கு முன்னாடியே வாட்ஸ்அப்ல ட்ரிப் குரூப் ரெடியாகிடும். யாராவது ஒருத்தர் ஒரு ரீல் போடுவார். ஏரிக்கரை, வரிசையா டென்ட், நடுவுல நெருப்பு, பின்னாடி இளையராஜா பாட்டு. "தலைக்கு எவ்ளோ மச்சி?" என்று இன்னொருத்தர் கேட்பார். ரேட் கட்டுப்படியானால் இடம் முடிவாகிவிடும். அந்த ரீலை எந்த மாசத்துல எடுத்தாங்க என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால், முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான்.

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நம்ம மலைச்சரிவுகளில் புல் காய்ந்து கிடக்கும். தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று நடந்தது நினைவிருக்கும். மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, 20-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். ஹீட் ட்ரான்ஸ்ஃபர் படிச்ச நமக்கு இது புரியாத விஷயம் இல்லை. சூடான காற்று மேலே ஏறும், சரிவில் மேலே இருக்கிற புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடும். அதனால் தீ மேல்நோக்கிப் பாயும்போது வேகம் கூடும். நமக்கோ மேலே ஏற ஏற மூச்சு வாங்கும். அந்த ஓட்டத்தில் நாம் ஜெயிக்க முடியாது. ஆகவே சிம்போசியம் முடிஞ்ச கையோடு மார்ச்சில் காட்டு ட்ரெக் என்ற பிளானே வேண்டாம்.

மழைக்காலத்தில் ஆபத்து தண்ணீராக வரும். நாம நிற்கிற இடத்தில் வெயில் அடிக்கும், மேலே மலையில் கொட்டித் தீர்க்கும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். ஓடைப் படுகையில் சமமா, வெள்ளை மணலா ஓர் இடம் இருக்கும். டென்ட் போடச் சொல்லி வெச்ச மாதிரியே தோன்றும். அந்த மணலைக் கொண்டுவந்து கொட்டியதே வெள்ளம்தான் என்பதை மறக்காதீங்க. காட்டை ஒட்டிய ஏரிக்கரையும் அப்படித்தான். இருட்டினால் யானையும் காட்டெருமையும் தண்ணிக்கு வருகிற வழி அது. அதன் குறுக்கே படுத்துக்கிட்டு "த்ரில்லா இருந்துச்சு" என்பது சரியில்லை.

அப்போ எங்கதான் போறது? டிசம்பர், ஜனவரி லீவில் நீர்நிலைகளுக்குப் போங்க. ஏரிகள் நிறைந்து, பறவைகள் வந்து சேர்ந்திருக்கும் காலம் அது. சென்னைக்காரர்களுக்கு வேடந்தாங்கல், ஈரோடு பக்கம் வெள்ளோடு, திருநெல்வேலி பக்கம் கூந்தன்குளம். பக்கத்து ஊரில் ரூம் எடுத்துத் தங்கி, விடியற்காலையில் போய் நில்லுங்க. டென்ட் தேவையே இல்லை. செலவும் குறைவு.

ஆனால் புளூடூத் ஸ்பீக்கரை ரூமிலேயே வெச்சுட்டுப் போங்க. வெள்ளோட்டைச் சுற்றியிருக்கிற கிராமத்து மக்கள், பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்குக்கூடப் பட்டாசு வெடிப்பதில்லை. அந்த ஊர்ச் சின்னப் பசங்க தீபாவளியையே விட்டுக்கொடுக்கிறாங்க. நாம ரெண்டு மணி நேரம் பாட்டை விட்டுக்கொடுக்க முடியாதா?

"காட்டுக்குள்ள நடக்காம என்னப்பா ட்ரிப்?" என்று கேட்பீங்க. நியாயம்தான். அதற்கு 2024 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' இருக்கிறது. 40 தடங்கள், ஆன்லைன் புக்கிங், கூடவே பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள். தீ அபாயக் காலத்தில் தடங்களை மூடிவிடுவார்கள். அதுவே அதை நம்புவதற்கு ஒரு காரணம். சில தடங்களின் கட்டணம் மாணவர் பர்ஸைக் கடிக்கும் என்பது உண்மை. மாணவர்களுக்குச் சலுகை வேண்டும் என்று நாம் கேட்கலாம், கேட்கணும். அதற்காக அனுமதி இல்லாமல் கூட்டிப்போகிற ஆளுக்குக் கம்மி ரேட்டில் பணம் கட்டுவது சரியாகிவிடாது. ஏதாவது ஆச்சுன்னா, நாம எங்கே இருக்கோம் என்று தெரிந்தவர்கள் ஒருத்தர்கூட வெளியே இருக்க மாட்டார்கள்.

தனியார் கேம்ப் என்றால் அட்வான்ஸ் அனுப்புவதற்கு முன் போன் போட்டு நாலு விஷயம் கேளுங்க. இடம் பட்டா நிலமா, காட்டு நிலமா? வனத்துறை அனுமதி தேவையென்றால் அதன் காப்பியை அனுப்ப முடியுமா? ராத்திரி யார் கூட இருப்பாங்க? பக்கத்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்? நேராகப் பதில் சொல்கிறவரிடம் புக் பண்ணுங்க. "அதெல்லாம் பாத்துக்கலாம் தம்பி" என்று பதில் வந்தால் போனை வெச்சுட்டு வேற இடம் தேடுங்க.