தோண்டுகிறவர் பிள்ளைகள் படிக்க வேண்டாமா?

வைகைக் கரையில் கீழடித் தென்னந்தோப்புகளுக்கு நடுவே 2015ல் அகழாய்வு தொடங்கியது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே அங்கே மக்கள் செங்கல் வைத்துக் கட்டினார்கள், நூல் நூற்றார்கள், பானைகளில் தங்கள் பெயரைத் தமிழில் எழுதினார்கள் என்பதை மண் காட்டிக் கொடுத்தது.

அந்த மண்ணைத் தோண்டிச் சுமந்தவர்கள் யார்? சுற்றுவட்டாரத்து விவசாயக் கூலிகள், ஆண்களும் பெண்களும். கிடைத்ததைப் படித்துச் சரித்திரம் எழுதுகிறவர்கள் யார்? பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர்கள்.

அந்தப் படிப்பு அவசியம்தான். மண் அடுக்குகளைப் பிரித்தறிய வேண்டும். பழைய எழுத்தைப் படிக்க வேண்டும். ஈரக் காகிதத்தைக் கல்லில் ஒற்றித் தட்டி, மை பூசிக் கல்வெட்டைப் படியெடுக்க வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்திலும் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் இதற்கென்று துறைகள் இருக்கின்றன.

கூலி உயர்வுக்குப் போராடுகிற நமக்குக் கல்வெட்டு எதற்கு என்று சில தோழர்கள் கேட்கலாம். நிலம் யாருக்குப் போயிற்று, வரி எவ்வளவு, எந்தக் குடும்பம் கோயிலுக்கு அடிமையாக விற்கப்பட்டது என்பதெல்லாம் சோழர் காலக் கல்வெட்டுகளில் இருக்கிறது. மன்னன் புகழை மட்டும் தேடுகிறவன் இதைத் தாண்டிப் போய்விடுவான். உழைப்பாளி வீட்டுப் பிள்ளை தாண்ட மாட்டான்.

ஆனால் வழி எளிதா? 2020ல் மத்திய சர்க்காரின் தொல்லியல் பட்டயப் படிப்புக்கு அறிவிப்பு வந்தது. சமஸ்கிருதம், பாலி, பிராகிருதம், அரபி, பாரசீகம் ஆகியவற்றில் முதுகலை படித்தவர்களுக்கு இடம் இருந்தது. தமிழ் படித்தவர்களுக்கு இல்லை! தமிழகம் கொதித்தெழுந்தது. சில நாட்களில் தமிழும் சேர்க்கப்பட்டது. மக்கள் குரல் எழும்பியதால்தான் கதவு திறந்தது.

திறந்த கதவுக்குள் நம் பிள்ளைகள் நுழைய முடிகிறதா? பட்டப் படிப்பு மூன்றாண்டு, முதுகலை இரண்டாண்டு, பட்டயம் இரண்டாண்டு; மொத்தம் ஏழாண்டு. மில் தொழிலாளி வீட்டில் அதுவரை அடுப்பெரிவது எப்படி? படித்து முடித்தபின் கிடைப்பது சில மாதத் தற்காலிக வேலை என்றால் எந்தத் தாய் மகளை அனுப்புவாள்?

ஆகவே நாம் கோருகிறோம்: இப்படிப்புக்கு வரும் ஏழை மாணவர்களுக்கு விடுதியும் போதிய உதவித்தொகையும் வேண்டும். பாடம் தமிழில் நடக்க வேண்டும். படித்தவர்களுக்கு நிரந்தர வேலை வேண்டும். குழியில் உழைக்கிற கூலிகளுக்கும் பயிற்சியும் நியாயமான சம்பளமும் தரவேண்டும்.

தோண்டுகிற கையும் படிக்கிற கண்ணும் ஒரே வீட்டில் இருக்கட்டும். சங்கக் கூட்டங்களில் இதையும் ஒரு கோரிக்கையாகப் பேசுங்கள், தோழர்களே!